பச்சை, பழுப்பு, பிளாஸ்டிக்: இந்தியாவில் கோல்ஃப் ‘கிரீன்’ கடந்துவந்த வழி

கோல்ஃப் ஆட்டத்தில் பந்தை மெல்ல உருட்டிக் குழியில் சேர்ப்பதற்காக ஒட்ட வெட்டிப் பேணப்படும் புல்பரப்புக்குக் ‘கிரீன்’ என்று பெயர். குருகிராம், பெங்களூரு போன்ற நகரங்களில் வசதி படைத்தோர் சிலர் இன்று வீட்டின் பின்புறத்திலோ மொட்டைமாடியிலோ செயற்கை இழையாலான கிரீனை அமைத்துக்கொள்கின்றனர். இதை நுகர்வு மோகம் என்று சொல்லிக் கடந்துவிடுவது எளிது. ஆனால் வெயில் காயும் நிலத்தில் ஒரு கிரீனை எந்த நீரால், யாருடைய உழைப்பால் உண்டாக்குவது என்ற கேள்வி இந்தியாவில் ஏறத்தாழ இரண்டு நூற்றாண்டுப் பழமை உடையது. செயற்கைப் பரப்பு அக்கேள்விக்குக் கிடைத்த மூன்றாவது விடை. முதலிரண்டையும் அறிந்தால்தான் மூன்றாவது எதை நீக்கிவிட்டது என்பது விளங்கும்.

1829-இல் கல்கத்தாவில் நிறுவப்பட்ட கோல்ஃப் கிளப், பிரிட்டிஷ் தீவுகளுக்கு வெளியே தோன்றியவற்றுள் மிகப் பழையது. அதே ஆண்டில்தான் ஸ்காட்லாந்தின் மசல்பரோவில் குழி வெட்டும் கருவி ஒன்று உருவானது. 1891-இல் நாலேகால் அங்குல விட்டமே குழியின் அளவு என விதியாயிற்று. கருவியின் பயன் சீரான அளவோடு முடியவில்லை. பழைய குழியை மூடிவிட்டுப் புதிய இடத்தில் எளிதாக வெட்டவும் அது உதவியது. எனவே ஒரே கிரீன் நாளுக்கொரு வடிவில் ஆட்டக்காரரைச் சோதிக்கலாயிற்று.

ஸ்காட்லாந்தின் கடலோரப் புல்லுக்குக் குளிர்ந்த காற்றும் அடிக்கடி பெய்யும் மழையும் துணை. இந்தியச் சமவெளியில் அந்த இடத்தை நிரப்பியது உள்நாட்டுப் புல். வடக்கே தூப் என்றும், வடமொழியில் தூர்வா என்றும், தமிழில் அருகம்புல் என்றும் வழங்குவது அது. அமெரிக்கர் இதனைப் ‘பெர்முடா புல்’ என்றழைத்தனர். ஜார்ஜியா மாநிலத்தின் டிஃப்டன் ஆய்வு நிலையத்தில் இதனை ஆப்பிரிக்க இனம் ஒன்றுடன் கலந்து உருவாக்கிய வகைகளின் வழிவந்தவையே இன்று பல இந்திய கிரீன்களில் வளர்கின்றன. அருகு அயல்நாடு சென்று, அயற்பெயர் சூடித் திரும்பியிருக்கிறது. பெயர் எதுவாயினும் புல் தானாகக் கிரீன் ஆவதில்லை. நீர் பாய்ச்சி, களை பறித்து, நாள்தோறும் மில்லிமீட்டர் கணக்கில் வெட்டியவர்கள் மாலிகள் எனப்பட்ட தோட்டத் தொழிலாளர்கள். அந்தக் கிரீன் உண்மையில் அவர்களது உழைப்பின் பரப்பு.

நீர் கிடைக்காத இடங்களில் இரண்டாவது விடை பிறந்தது. மணலை எண்ணெய் கலந்து இறுக்கிப் பரப்பினார்கள். புல் இல்லை, பச்சை இல்லை. எனவே பெயரும் ‘பிரவுன்’ ஆயிற்று. வறண்ட பகுதிகளின் கண்டோன்மென்ட் மைதானங்களில் இவ்வகைப் பரப்பு நெடுங்காலம் வழக்கில் இருந்தது. காலடித் தடங்களை அழிக்க, ஆடிய பின்னர் மணலை இழுத்துச் சமன் செய்ய வேண்டும். இது காலனி நாடுகளுக்கு மட்டும் உரிய ஏழ்மையன்று: அமெரிக்காவின் புகழ்பெற்ற பைன்ஹர்ஸ்ட் இரண்டாம் எண் மைதானமும் 1930-களின் நடுப்பகுதி வரை மணல் பரப்புகளையே கொண்டிருந்தது. நிலத்தின் நிறத்தைப் பெயராகவே ஏற்றுக்கொண்ட நேர்மை ‘பிரவுன்’ என்ற சொல்லில் உண்டு.

மூன்றாவது விடை வேதித் தொழிற்சாலையிலிருந்து வந்தது. மான்சாண்டோ நிறுவனத்தின் செயற்கைப் புல் 1964-இல் ராட் தீவு மாநிலப் பள்ளி ஒன்றில் விரிக்கப்பட்டது. ஹூஸ்டன் ஆஸ்ட்ரோடோமில், கண்கூச்சத்தைத் தவிர்க்கக் கூரைக்குச் சாயம் பூசியதால் ஒளியின்றி இயற்கைப் புல் மடிந்தது. 1966-இல் அங்கே விரிக்கப்பட்ட பின் அது ‘ஆஸ்ட்ரோடர்ஃப்’ எனப் பெயர் பெற்றது. அதன் விளைவை இந்தியா ஹாக்கி வழியே அறிந்தது. 1975-இல் கோலாலம்பூரில் புல்தரையில் உலகக் கோப்பையை வென்ற அணி, ஒலிம்பிக் ஹாக்கி முதன்முறையாகச் செயற்கைத் தரையில் நடந்த 1976 மாண்ட்ரியலில் ஏழாமிடம் பெற்றது. தரை மட்டுமே காரணமன்று. ஆயினும் விலை மிகுந்த தரை ஒன்று ஆட்டத்தின் நிபந்தனையாகும்போது, கிராமத்துப் புல்லில் பயின்ற திறமையின் மதிப்பும் மாறுகிறது.

வீட்டுக் கிரீனிலும் இம்மாற்றம் சிறிய அளவில் நிகழ்கிறது. மேல்மண்ணை அகற்றி, உடைத்த கல்லைப் பரப்பி, இயந்திரத்தால் இறுக்குவார்கள். மேடு பள்ளங்களும் நீர் வடியும் சரிவும் இந்தக் கட்டத்திலேயே முடிவாகிவிடும். பின்னர் குழிகளுக்குரிய கிண்ணங்களைப் பதித்து, விரிப்பை ஒட்டி, இழைகளுக்கிடையே மணலைத் தூவித் துலக்கி, உருளையால் அழுத்துவார்கள். பந்து ஓடும் வேகம்கூட அழுத்தத்தாலும் மணலின் அளவாலும் தீர்மானிக்கப்படுகிறது. புல்வெட்டும் வேலையும் அன்றாட நீர்ப்பாசனமும் இல்லை என்பது, தண்ணீர்ப் பஞ்சம் நிலவும் நகரங்களில் அலட்சியப்படுத்தக்கூடிய நன்மையன்று. மாறாக, கோடையில் இழைகள் கடுமையாகச் சூடேறும். தேய்ந்த விரிப்பு இறுதியில் பிளாஸ்டிக் கழிவாகும். பதித்த கிண்ணத்தை மறுநாள் வேறிடம் மாற்றவும் எளிதில் இயலாது. 1829-இன் கருவி குழிக்கு வழங்கிய நடமாட்டத்தைச் செயற்கைத் தரை பறித்துக்கொள்கிறது.

எல்லாவற்றினும் பெரிய இழப்பு வேறு. எஸ்.எஸ்.பி. சௌராசியா ராயல் கல்கத்தா கோல்ஃப் கிளப்பின் புல்தரைப் பராமரிப்பாளர் ஒருவரின் மகன். பயிற்சியாளர் எவருமின்றி அங்கேயே ஆட்டத்தைக் கற்றவர். 2008-இல் டெல்லியில் இந்தியன் மாஸ்டர்ஸ் பட்டத்தையும், 2016, 2017 ஆண்டுகளில் இந்திய ஓபன் பட்டத்தையும் வென்றார். 2016 ரியோ ஒலிம்பிக்கில் நாட்டின் சார்பில் ஆடினார். கிரீனைச் சுற்றிய நுண்ணாட்டத்தில் அவர் பெற்ற தேர்ச்சியால் ‘சிப்பட்சியா’ என்ற செல்லப்பெயரும் கிடைத்தது.

இதைக் கொண்டு பழைய கிளப்புகளைச் சமத்துவத்தின் கூடமாகச் சித்தரித்தல் பொருந்தாது. மாலியின் மகன் புல்லை நெருங்கியது உரிமையால் அன்று, தந்தையின் வேலையால். ஆனால் பராமரிப்பு தேவைப்பட்டதாலேயே பராமரிப்பவருக்கு அங்கே இடம் இருந்தது. அந்த இடுக்கின் வழியே எப்போதாவது ஒருவர் ஆட்டத்துக்குள் நுழைய முடிந்தது. மதில் சூழ்ந்த வீட்டின் செயற்கைக் கிரீனில் பராமரிப்பும் குறைவு, அந்த இடுக்கும் இல்லை. கிரீன் நீரைச் சேமிப்பதைக் கணக்கிடும் ஆய்வுகள், அது யாரை வெளியே நிறுத்துகிறது என்பதையும் சேர்த்துக் கணக்கிட வேண்டும்.