சால்மன் தட்டுக்குப் பின்னால் ஒரு நதி



அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில் வேலை பார்க்கும் என் பழைய மாணவர் ஒருவர் கேட்டிருந்தார்: "சார், இங்கே விருந்து என்றால் சால்மன் மீனும் பினோ நுவார் என்ற சிவப்பு ஒயினும்தான். மீனுக்கு வெள்ளை ஒயின்தான் பொருத்தம் என்பார்களே, இது எப்படி வந்தது?" எனக்கு அந்தப் பழக்கம் கிடையாது. ஆனால் இது வரலாற்றுக் கேள்வி. பதிலை எல்லோருக்குமாக எழுதுகிறேன்.

முதலில் ஒரு விளக்கம். நம் சந்தையில் 'இந்தியன் சால்மன்' என்று விற்பது காலா மீன். அது வேறு, இது வேறு. உண்மையான சால்மன் ஆற்றில் பிறந்து, கடலில் வளர்ந்து, முட்டையிடப் பிறந்த ஆற்றுக்கே திரும்பும்.

ஓரிகனின் வட எல்லையில் ஓடும் கொலம்பியா ஆற்றில் செலிலோ என்றொரு அருவி இருந்தது. அருவியை எதிர்த்துத் தாவும் மீன்களைப் பூர்வகுடி மக்கள் மரப்பரண்களில் நின்று கைவலையால் பிடித்தார்கள். பல்லாயிரம் ஆண்டுகளாக அது அவர்களுடைய மீன்துறை, சந்தை, கோயில் எல்லாம். மீனைப் பிளந்து மரக்குச்சியில் கோத்து, விறகுத் தீயைச் சுற்றி நட்டுச் சுடுவது அவர்கள் முறை.

1855இல் யாகமா, உமடில்லா, வார்ம் ஸ்பிரிங்ஸ், நெஸ் பெர்ஸ் மக்கள் அரசோடு ஒப்பந்தம் செய்தார்கள். பெரும்பகுதி நிலத்தை விட்டுக்கொடுத்தாலும், வழக்கமான இடங்களில் மீன் பிடிக்கும் உரிமையை விட்டுக்கொடுக்கவில்லை. 1866இல் டப்பாவில் மீன் அடைக்கும் முதல் ஆலை அந்த ஆற்றங்கரைக்கு வந்தது. பிறகு அணைகள் வந்தன. 1957 மார்ச் 10 அன்று டாலஸ் அணையின் மதகுகளை மூடினார்கள். சில மணி நேரத்தில் செலிலோ அருவி நீரில் மூழ்கியது. கரையில் நின்று பார்த்த முதியவர்கள் அழுதார்கள்.

எட்டு ஆண்டுகள் கழித்து, 1965இல், டேவிட் லெட் என்ற இளைஞர் கொலம்பியாவின் துணையாறான வில்லமெட்டின் பள்ளத்தாக்கில் பினோ நுவார் திராட்சை நட்டார். குளிரும் மழையும் உள்ள அந்த ஊரில் இது தேறாது என்று பலரும் சொன்னார்கள். 1979இல் பாரிஸில் நடந்த போட்டியில் அவருடைய ஒயின் முதல் பத்து இடங்களுக்குள் வந்தது. மறு ஆண்டு பிரான்சில் நடந்த மறுபோட்டியில் இரண்டாம் இடம். 1987 முதல் மெக்மின்வில் ஊரில் நடக்கும் பினோ நுவார் விழாவில், நெருப்பைச் சுற்றி நட்டுச் சுட்ட சால்மன்தான் பெரிய விருந்து.

இவை இரண்டும் சேர்வதற்குக் காரணம் உண்டு. ஒயினில் உள்ள இரும்புதான் மீனோடு சேர்ந்து கவிச்சியைக் கிளப்புகிறது என்று 2009இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் கண்டார்கள். சிவப்பு ஒயினின் துவர்ப்பும் மீனோடு ஒத்துப்போகாது. பினோ நுவார் மெல்லிய தோல் திராட்சை. துவர்ப்பு குறைவு, புளிப்பு உண்டு. சால்மனோ கொழுப்பு மிகுந்த மீன். மேலே எலுமிச்சை பிழிந்தால் எப்படியோ, அந்த வேலையை ஒயினின் புளிப்பு செய்கிறது.

வீட்டில் செய்வதும் எளிது. துண்டின் ஈரத்தைத் துடைத்து, உப்பும் மிளகும் தடவி, சூடான கல்லில் தோல் பக்கம் கீழே வையுங்கள். முக்கால் பங்கு வெந்ததும் ஒருமுறை மட்டும் திருப்புங்கள். அதிகம் வெந்தால் வறண்டுவிடும்.

இன்று அதை 'ஓரிகன் பாரம்பரிய விருந்து' என்கிறார்கள். அதில் ஒயினுக்கு வயது அறுபதுதான். மீனும் அதைச் சுடும் முறையும் அருவியை இழந்த மக்களுடையவை. 1969இல் ஓரிகன் நீதிமன்றமும் 1974இல் வாஷிங்டன் நீதிமன்றமும், மீனில் நியாயமான பங்கு அவர்களுக்கு உண்டு என்று தீர்ப்பளித்தன. அதற்குள் ஆற்றில் மீன் வெகுவாகக் குறைந்துவிட்டது. 1991இல் ஸ்நேக் ஆற்று சாக்கை சால்மன், அழியும் உயிரினப் பட்டியலில் சேர்ந்தது.

அங்கே இருக்கும் பிள்ளைகள் ஒருநாள் குழந்தைகளைக் கூட்டிக்கொண்டு செலிலோவுக்குப் போய் வாருங்கள். போர்ட்லாண்டிலிருந்து காரில் இரண்டு மணி நேரத்துக்குள் போய்விடலாம். அருவியைப் பார்க்க முடியாது. அமைதியான நீர்ப்பரப்புதான் தெரியும். அதனடியில் என்ன இருக்கிறது என்று சொல்லிக் கொடுங்கள்.

அன்புடன்,
உங்கள் சார்