பெனுகொண்டா, சந்திரகிரி, வேலூர்

ஆர்.கே.பேட்டையில் நூல் கடை வைத்திருக்கிறேன். வீட்டில் தெலுங்கு, கணக்கு நோட்டில் தமிழ். பாவு நூலுக்கு விலை கேட்டு வரும் தறிக்காரர் எந்த மொழியில் ஆரம்பித்தாலும், பேரம் முடிவதற்குள் இரண்டும் கலந்துவிடும். அதனால்தான், ‘பல மொழிக்காரர்களைக் கட்டி ஆண்ட ஆஸ்திரிய-ஹங்கேரி 1918-ல் சிதறியது, மொழிதான் காரணம்’ என்று யாராவது தீர்ப்புச் சொன்னால் எனக்கு வாய் சும்மா இருப்பதில்லை. எங்கள் பக்கத்திலேயே விஜயநகரம் என்று அப்படி ஒரு பேரரசு எண்பது வருடம் இழுத்துக்கொண்டு கிடந்து செத்திருக்கிறது.

1565 ஜனவரியில் தலைக்கோட்டைப் போர். தக்காணச் சுல்தான்களை ஒருவர் மேல் ஒருவரை ஏவிவிட்டே காலம் தள்ளிய விஜயநகரத்தின் ராமராயரை எதிர்த்து பிஜப்பூர், அகமதுநகர், கோல்கொண்டா, பீதர் நான்கும் ஒன்றுசேர்ந்தன. பிடிபட்ட ராமராயரின் தலை அங்கேயே வெட்டப்பட்டது. அவருடைய படையிலிருந்த இரண்டு முஸ்லிம் தளபதிகள் சண்டையின் நடுவே கட்சி மாறினார்கள் என்று, இரண்டு வருடம் கழித்து அங்கே வந்த வெனிஸ் வணிகர் சீசர் ஃபெடரிச்சி எழுதினார். ராமராயரின் தம்பி திருமலை, பெயருக்கு அரசராக இருந்த சதாசிவரையும் கருவூலத்தையும் யானைகள் மேல் ஏற்றிக்கொண்டு பெனுகொண்டாவுக்குப் போனார்.

அங்கே அவர் செய்த ஏற்பாடு கவனிக்க வேண்டியது. தெலுங்குப் பகுதியை ஸ்ரீரங்கன் பெனுகொண்டாவிலிருந்தும், கன்னடப் பகுதியை ராமன் ஸ்ரீரங்கப்பட்டணத்திலிருந்தும், தமிழ்ப் பகுதியை வேங்கடபதி சந்திரகிரியிலிருந்தும் பார்த்துக்கொள்ள, மூன்று மகன்களுக்கும் மொழிவாரியாகப் பிரித்துக் கொடுத்தார். ஆஸ்திரியப் பேரரசர் கார்ல் இதே மாதிரி ஒரு கூட்டாட்சியை அறிவித்தது 1918 அக்டோபர் 16-ல். மூன்று வாரம்கூட ஆகவில்லை, நவம்பர் 3-ல் இத்தாலியிடம் போர்நிறுத்தத்துக்குக் கையெழுத்துப் போட வேண்டியதாயிற்று. திருமலையின் ஏற்பாடோ ஒரு தலைமுறைக்குத் தாங்கியது.

1586-ல் பட்டத்துக்கு வந்த வேங்கடபதி, தலைநகரைச் சந்திரகிரிக்கும் பிறகு வேலூருக்கும் கொண்டுவந்தார். திருப்பதிக்குப் போகிறவர்கள் சந்திரகிரி ராஜமகாலை ஒரு தடவை நின்று பார்க்க வேண்டும். கல், செங்கல், சுண்ணாம்பால் எழுந்த மூன்று அடுக்கு. மரமே சேர்க்கவில்லை என்கிறார்கள். கீழே சுல்தான்கள் பாணியில் கூர்முனை வளைவுகள், மேலே கோயில் விமானம் போன்ற முகடுகள். யாரிடம் தலைநகரை இழந்தார்களோ அவர்களுடைய வளைவை வைத்துக் கட்டிக்கொள்ள இவர்களுக்குக் கூச்சமே இருக்கவில்லை.

1614-ல் வேங்கடபதி இறந்ததும் எல்லாம் தலைகீழானது. பட்டத்துக்கு வந்த அண்ணன் மகன் ஸ்ரீரங்கனைக் குடும்பத்தோடு வேலூரில் கொன்றார் ராணியின் உடன்பிறந்தவரான ஜக்கராயர். தப்பிய ஒரே மகன் ராமதேவனைக் காப்பாற்றியவர் யாச்சம நாயக்கர். 1616 வாக்கில் கல்லணை அருகே தோப்பூரில் இரண்டு கட்சியும் மோதின. தஞ்சாவூர் யாச்சமர் பக்கம். மதுரையும் செஞ்சியும் ஜக்கராயர் பக்கம். ஜக்கராயர் மாண்டார். ராமதேவனுக்குப் பட்டம் கிடைத்தது. இந்தப் பகுதிகளை ஆண்ட நாயக்கர்கள் மட்டும் பிறகு பேரரசின் சொல்லுக்குச் சரியாகக் கட்டுப்படவில்லை. கோல்கொண்டா தளபதி மீர் ஜும்லா 1640-களில் இந்தப் பக்கம் வந்தபோது, கடைசி அரசர் மூன்றாம் ஸ்ரீரங்கர் பின்னால் நிற்க ஆளில்லை.

எங்கள் ஊருக்கு மொழிக் கோடு வந்ததே 1960 ஏப்ரல் 1-ல்தான். கிராமத்தை அலகாக வைத்து, எந்த மொழி பேசுபவர்கள் அதிகம் என்று எண்ணி, எல்லைத் தகராறில் மத்தியஸ்தராக இருந்த படாஸ்கரின் பரிந்துரைப்படி திருத்தணிப் பக்கம் சித்தூர் மாவட்டத்திலிருந்து சென்னை மாநிலத்துக்கு வந்தது. அதற்குள் பேரரசு போய் முந்நூறு வருடம் தாண்டிவிட்டது.

ஆஸ்திரியப் படையிலும் பதினொரு மொழிக்காரர்கள் இருந்தார்கள். ஏறக்குறைய எண்பது ஜெர்மன் கட்டளைச் சொற்களை வைத்துக்கொண்டே நான்கு வருடம் போரிட்டார்கள். ரொட்டி தீர்ந்து போர்முனை உடைந்த பிறகுதான் கலைந்தார்கள். இங்கே தோப்பூரில் எதிரெதிரே நின்ற ஜக்கராயர், யாச்சமர், தஞ்சை, மதுரை, செஞ்சி நாயக்கர்கள் அத்தனை பேர் வீட்டுப் பேச்சும் தெலுங்குதான். மொழிமேல் பழி போடுகிறவர்கள் முதலில் தோப்பூருக்குக் கணக்குச் சொல்லட்டும்.