கொள்ளைநோயும் செங்கோலும்

வரி தண்டவும் வாளேந்தவும் சிறையிடவும் மன்னர்க்கு என்றும் உரிமை இருந்தது. குடிமக்களின் உடலைத் தொடும் உரிமையை அவர்க்குப் பெரிதும் தேடித் தந்தது கொள்ளைநோயே எனலாம். இதற்குச் சான்று தேடி நாம் நெடுந்தொலைவு செல்ல வேண்டுவதில்லை. நாம் குடியேறி வாழும் இத்திருவனந்தபுரமே போதும்.

வைசூரியை அன்னையின் சீற்றமெனக் கொண்டு, வேப்பிலை செருகி, வீட்டுக்குள்ளேயே பொறுத்திருந்தனர் நம் முன்னோர். 1796-இல் இங்கிலாந்தில் எட்வர்டு ஜென்னர் பசுவம்மைப் பாலால் அதனைத் தடுக்கும் வழி கண்டார். 1813-இல், கர்னல் மன்றோ திவானாயிருந்த காலத்தில், ராணி கௌரி லட்சுமி பாய் அம்முறையைத் திருவிதாங்கூரில் புகுத்தினார். ஒருவர் கையில் எழுந்த கொப்புளத்து நீரை எடுத்து மற்றொருவர் கையில் கீறிச் செலுத்துவது அந்நாளைய வழக்கம். சாதி வேற்றுமை மிக்க நாட்டில் மக்கள் அஞ்சியதில் வியப்பில்லை. அவ்வச்சம் நீங்க, அரச குடும்பத்தார்க்கே முதலில் அம்மை குத்தச் செய்தார் ராணி.

ஆயில்யம் திருநாள் ஆட்சியில், 1879-இல், அரச விளம்பரம் ஒன்று அம்மை குத்துதலைக் கட்டாயமாக்கியது. யார் யார்க்கு? அரசு ஊழியர்க்கு, மாணவர்க்கு, சிறைக்கைதிகளுக்கு! சம்பளத்தாலும் பள்ளியாலும் பூட்டாலும் அரசின் கைக்குள் இருந்தோரையே ஆணை முதலில் எட்டியது. முன்மாதிரியாய்த் தொடங்கியது கட்டளையாய் வளர்ந்தது. அதன் பயன் சிறிதன்று: 1980-இல் பெரியம்மை உலகினின்றே ஒழிந்ததென உலகச் சுகாதார நிறுவனம் அறிவித்தது.

ஆனால், கட்டளை மட்டும் தனித்து வந்தால் என்னாகும் என்பதைப் புனே நகரம் காட்டிற்று. 1897-இல் பிளேக் பரவியபோது பட்டாளத்தார் வீடு புகுந்து சோதித்தனர். மக்கள் கொதித்தனர், பிளேக் அதிகாரி ராண்டு சுடப்பட்டார். அவ்வாண்டில் பிறந்த தொற்றுநோய்ச் சட்டமோ, 2020-இல் கொரோனா வந்தபோதும் இந்திய நாட்டில் பயன்படுத்தப்பட்டது. நோய் நீங்கும், நோய்க்கென எழுந்த அதிகாரம் எளிதில் நீங்குவதில்லை.

அவ்வாண்டு ஜூலையில் நம் நகரின் கடலோரப் பூந்துறையில் தொற்று மிகுந்தது. கமாண்டோக்கள் நிறுத்தப்பட்டனர். அன்றாடத் தேவைகளுக்கும் வழியின்றித் தவித்த மீனவ மக்கள் தெருவில் இறங்கிக் குரலெழுப்பினர். சில நாட்களிலேயே அதே மக்கள் மருத்துவப் பணியாளரை மலர் தூவி வரவேற்கவும் கண்டோம். அவர்கள் மருத்துவத்தை வெறுத்தவரல்லர். மதிப்பையும் உணவையும் கேட்டவர்கள்.

களியக்காவிளை எல்லை அடைபட்ட நாட்களில் உற்றாரின் நன்மை தீமைகளுக்கும் போகவியலாது நம்மவர் பலர் தவித்தனர். பிழைக்க வந்த இடத்தில் கேள்வி கேட்கத் தயங்குவது நம் இயல்பு. அத்தயக்கம் இனி வேண்டா. பொதுநலத்துக்கான கட்டுப்பாட்டை நாம் முன்வந்து ஏற்போம். அதன் காரணம் யாது, முடங்கியோர்க்கு உணவு எங்கே, முடிவுநாள் எது என்னும் மூன்றையும் பணிவோடும் உறுதியோடும் கேட்போம். ஆள்வோர் முதலில் தம் கையை நீட்டினால், நம் கைகளும் தாமே நீளும்.