ஸ்டியரிங்கின் கனம்

பெரியப்பாவிடம் 1974ஆம் வருடத்து அம்பாஸடர் ஒன்று இருக்கிறது. திருச்சியில், வீட்டு முன்வாசலில், தார்ப்பாய் போர்த்திக்கொண்டு நிற்கிறது. அவருக்கு வலது தோளில் ஆபரேஷன் நடந்து இரண்டு வருடம் ஆகிறது. அன்றிலிருந்து ஞாயிற்றுக்கிழமை தோறும் தார்ப்பாயை விலக்கி இஞ்சினை மட்டும் பத்து நிமிடம் ஓடவிட்டு அணைத்துவிடுவார். “வண்டிக்கு ஒண்ணும் இல்லடா. ஓட்டுறவனுக்குத்தான் தோள் போயிடுச்சு” என்பார்.

எலக்ட்ரிக் பவர் ஸ்டியரிங் வைத்துவிடலாம் என்ற யோசனையை நான்தான் சொன்னேன். பெரியப்பா பதில் சொல்லவில்லை. பழைய கார்கள் சேர்க்கும் அவருடைய நண்பர் சொன்னார்: “அதை மாட்டிட்டா அப்புறம் அது அம்பாஸடரே இல்ல சார்.” அந்த வாக்கியம் என்னை விடவில்லை. ஒரு பழைய காரின் சுபாவத்தில் ஸ்டியரிங்கின் கனமும் சேர்த்தியா? பதில் தேடிப் போனால், கதை நான் நினைத்ததைவிட ஐம்பது அறுபது வருடம் முன்னாலேயே தொடங்குகிறது.

முதலில் அந்தக் கனம் எங்கிருந்து வருகிறது என்று பார்த்துவிடலாம். ஓடும் காரில் டயர் உருண்டுகொண்டே திரும்புகிறது, அதனால் சுலபம். நிற்கும் காரிலோ ரப்பரைத் தரையோடு தேய்த்துத்தான் திருப்ப வேண்டும். முன்பக்கத்தில் இஞ்சினின் எடை வேறு அழுத்துகிறது. அந்தக் காலத்து இன்ஜினியர்கள் இதற்கு இரண்டு வழி வைத்திருந்தார்கள். ஒன்று, ஸ்டியரிங் வீலைப் பெரிதாக்குவது. கிணற்று ராட்டினத்தின் கைப்பிடி நீளமானால் இழுப்பது எளிதாவது மாதிரி. இன்னொன்று, பல்சக்கர விகிதத்தை மாற்றுவது. அப்போது கனம் குறையும், ஆனால் வீலை அதிகச் சுற்று சுற்ற வேண்டும். மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டின் மூன்றாம் சீரிஸ்தான் உத்தர்பாராவில் அம்பாஸடராகப் பிறந்து, 2014 வரை ஓடியது. பழைய அம்பாஸடரின் அகலமான வீலை நினைத்துப் பாருங்கள். அது அழகுக்காக வைத்ததல்ல.

1920களில் அமெரிக்காவில் இந்தப் பிரச்சினை பெரிதானது. காற்றழுத்தம் குறைந்த, அகலமான ‘பலூன்’ டயர்கள் வந்தன. பயணம் மெத்தென்று ஆனது, ஸ்டியரிங் இன்னும் கனத்தது. பஃபலோ நகரில் பியர்ஸ்-ஆரோ கம்பெனியின் லாரிப் பிரிவில் தலைமை இன்ஜினியராக இருந்தவர் ஃபிரான்சிஸ் டேவிஸ். பாரம் ஏற்றிய லாரியைத் திருப்ப டிரைவர்கள் படும் பாட்டைப் பக்கத்திலிருந்து பார்த்தவர். 1922இல் வேலையை விட்டார். மாசசூசெட்ஸில் வால்தம் என்ற ஊரில் ஒரு சின்னப் பட்டறை போட்டு, எண்ணெய் அழுத்தத்தால் ஸ்டியரிங்குக்குக் கைகொடுக்கும் கருவியை உருவாக்கத் தொடங்கினார்.

அவருடைய முக்கியமான யோசனை ஒரு வால்வுதான். எப்போதும் அழுத்தத்தில் வைத்திருந்தால் எண்ணெய் கசியும், குழாய் வெடிக்கும். டேவிஸ் வால்வைத் திறந்தே வைத்தார். நேராகப் போகும்போது எண்ணெய் சும்மா சுற்றிக்கொண்டிருக்கும். டிரைவர் வீலைத் திருப்பும் கணத்தில் மட்டும் வால்வு குறுகி அழுத்தம் ஏறும். கை விட்டால் அழுத்தமும் விட்டுவிடும்.

இதை எதில் பொருத்திக் காட்டினார் என்பதுதான் எனக்கு முக்கியமாகப் பட்டது. புதிதாக வடிவமைத்த காரில் இல்லை. 1921ஆம் வருடத்து பியர்ஸ்-ஆரோ ஒன்றில். 1926இல் அந்தக் காரை டெட்ராய்ட்டுக்கே ஓட்டிப்போய் ஜெனரல் மோட்டார்ஸ்காரர்களுக்குக் காட்டினார். நாம் இன்று அறிந்த பவர் ஸ்டியரிங்கின் மூதாதை, ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்த ஒரு வண்டியில் பிற்பாடு மாட்டிய பொருள்.

ஜெனரல் மோட்டார்ஸ் ஒப்பந்தம் போட்டது. பிறகு பொருளாதார வீழ்ச்சி வந்தது. செலவுக் கணக்குப் பார்த்து 1934இல் திட்டத்தைக் கைவிட்டார்கள். டேவிஸ் பெண்டிக்ஸ் கம்பெனிக்குப் போனார். இரண்டாம் உலகப் போரில் கவச வாகனங்களுக்கு அவருடைய கருவி தேவைப்பட்டது. இரும்பு போர்த்திய வண்டியை வெறும் கையால் திருப்ப முடியாது. பொதுமக்கள் வாங்கும் காரில் அது வந்து சேர்ந்தது 1951இல், கிரைஸ்லர் இம்பீரியலில். அதற்குள் டேவிஸின் சில காப்புரிமைகள் காலாவதியாகிவிட்டிருந்தன. கிரைஸ்லர் அவற்றை வைத்தே தன் கருவியைச் செய்துகொண்டது. ஆக, வேலை செய்யும் கருவி கையில் இருந்தும் கால் நூற்றாண்டு மக்கள் தோள் வலியோடு ஓட்டினார்கள். கனம் யாருடைய கொள்கையாகவும் இருக்கவில்லை. கணக்குப் புத்தகம் சொன்னபடி நடந்தது, அவ்வளவுதான்.

எண்ணெய் முறையைப் பழைய காரில் மாட்டுவது பெரிய வேலை. இஞ்சினோடு பெல்ட் போட்டு பம்ப், எண்ணெய்த் தொட்டி, அழுத்தக் குழாய்கள், வேறு வகை ஸ்டியரிங் பெட்டி எல்லாம் வேண்டும். அந்தப் பம்ப் நேராகப் போகும்போதும் இஞ்சினின் சக்தியைக் கொஞ்சம் தின்றுகொண்டே இருக்கும். பெரிய அமெரிக்கக் காருக்கு அது பொருட்டல்ல. ஜப்பானின் குட்டிக் கார்களுக்கு அது பெரிய சுமை. அப்போது அவற்றின் இஞ்சின் 550 சிசியைத் தாண்டக் கூடாது என்பது சட்டம். அங்கேதான் அடுத்த மாற்றம் பிறந்தது. 1988இல் சுசுகி செர்வோ காரில் எலக்ட்ரிக் பவர் ஸ்டியரிங் வந்தது. ஸ்டியரிங் தண்டின் நடுவே லேசாக முறுக்கிக்கொள்ளும் ஒரு கம்பி. கை எவ்வளவு முறுக்குகிறது என்பதை ஒரு சென்சார் அளக்கும். அந்த அளவுக்கு ஒரு மோட்டார் தண்டைத் தள்ளிக் கொடுக்கும். திருப்பாதபோது மோட்டாருக்கு அநேகமாக வேலையே இல்லை. டேவிஸின் திறந்த வால்வு சொன்ன அதே சங்கதி, இப்போது மின்சாரத்தில்.

எல்லாமே தண்டிலேயே அடங்கிவிட்டதால் இன்னொரு கதவும் திறந்தது. பிரிட்டனில் பழைய கார் வைத்திருப்பவர்கள், உடைப்புக்குப் போன கோர்சா சி கார்களிலிருந்து அந்தத் தண்டைக் கழற்றி எம்ஜி, ட்ரையம்ஃப் வண்டிகளில் மாட்டத் தொடங்கினார்கள். காரின் வேகம் பற்றிய தகவல் வராவிட்டாலும் அந்த யூனிட் ஒரு நடுத்தர அளவுக்கு உதவிக்கொண்டே இருக்கும். கூடவே ஒரு சின்னப் பெட்டியைச் சேர்த்தால் ஒரு திருகைத் திருப்பி உதவியைக் கூட்டலாம், குறைக்கலாம். நெடுஞ்சாலையில் குறைத்துக்கொள்வது அவசியம். வேகத்தில் ஸ்டியரிங் லேசாகிவிட்டால் வண்டி அலையும்.

எங்கள் மெக்கானிக் ஒரு மாருதியின் தண்டை மேஜைமேல் வைத்துக்கொண்டு விளக்கினார். “மோட்டார் தண்டைத் திருப்பும்போது தண்டும் மோட்டாரைத் திருப்பப் பார்க்கும். அதனால பாடியோட கெட்டியா பிராக்கெட் போட்டுப் பிடிக்கணும். தண்டை வெட்டி வெல்டு வைக்கிற கதையே கூடாது. பல் வெட்டின ஜாயின்ட்தான்.” பழைய அம்பாஸடரில் கியர் கம்பியும் ஸ்டியரிங் தண்டோடு சேர்ந்தே இறங்குகிறது, இடம் கண்டுபிடிப்பதே பாதி வேலை. அடுத்தது கரண்ட். முழுதாகத் திருப்பும்போது மோட்டார் 40 ஆம்பியருக்கு மேலேகூட இழுக்கும். பழைய டைனமோவால் அவ்வளவு தர முடியாது. இஞ்சின் ஐடிலில் இருக்கும்போது டைனமோ அநேகமாக ஒன்றுமே தருவதில்லை. கார் நிறுத்தும் அந்த நேரத்தில்தானே ஸ்டியரிங் மிகவும் கனக்கும்! ஆகவே ஆல்டர்னேட்டர் வேண்டும், பேட்டரியிலிருந்து தனி வயரும் ஃபியூஸும் வேண்டும். பழைய பிரிட்டிஷ் கார்கள் பலவற்றில் பாடி பாசிட்டிவாக இருக்கும். அதை மாற்றாமல் இணைத்தால் கருவி புகைந்துவிடும். நம் நாட்டில் 1988ஆம் வருட மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவும் உண்டு. பதிவு அலுவலகத்தில் கேட்காமல் கை வைக்கக் கூடாது.

“ஓடிட்டு இருக்கும்போது கரண்ட் போச்சுன்னா?” என்று கேட்டேன்.

“ஒண்ணும் ஆகாது. இரும்புத் தண்டு அப்படியேதான இருக்கு. திடீர்னு பழைய கனம் வந்துரும். ஐயா ரெண்டு கையாலயும் பிடிச்சு ஓரங்கட்டணும்.”

ஐயாவின் தோளுக்கு அது முடியுமா என்று டாக்டரிடம் கேட்க வேண்டும் என்று குறித்துக்கொண்டேன். ஒரே திருப்பில் ஓரங்கட்டுவது முடியும், தினமும் முப்பது தடவை திருப்புவதுதான் கூடாது என்று டாக்டர் சொன்ன பிறகே வேலையைப் பேசினோம்.

நண்பரின் கேள்விக்கு வருகிறேன். அவர் சொன்னதில் நியாயம் இல்லாமல் இல்லை. ஆளாளுக்கு ஒன்றை மாற்றிக்கொண்டே போனால் ஒரு காலத்தின் கார் எப்படி ஓடியது என்பதற்குச் சாட்சியே மிஞ்சாது. உலகப் பழங்கார் சங்கங்களின் கூட்டமைப்பான ஃபிவா, 2012இல் டூரின் சாசனம் என்ற ஒன்றை ஏற்றுக்கொண்டது. பழைய கட்டடங்களைக் காப்பதற்கான 1964ஆம் வருட வெனிஸ் சாசனத்தை முன்மாதிரியாகக் கொண்டது அது. மாற்றம் தவிர்க்க முடியாதென்றால் கண்ணை உறுத்தாமலும், மறுபடி பழையபடி ஆக்கக்கூடியதாகவும் இருக்கட்டும் என்பது அதன் போக்கு. அதே சாசனம் பழைய வண்டிகள் சாலையில் ஓட வேண்டும் என்பதையும் வலியுறுத்துகிறது. ஓடுவதும் பாரம்பரியத்தில் சேர்த்தி.

மலைக்கோயில் படிகளின் ஓரமாகப் பிடித்து ஏறக் கம்பி போட்டிருப்பார்கள். கல் வெட்டியவன் அதை நினைத்திருக்கமாட்டான். அதனால் கோயில் கோயிலில்லாமல் போய்விடவில்லை. கல்லை உடைக்காமல் கம்பி நட்டிருக்கிறார்களா என்று மட்டும் பார்க்க வேண்டும்.

வேலை முடிய ஒன்றரை மாதம் ஆயிற்று. கழற்றிய பழைய தண்டைப் பெரியப்பா வீட்டுக்குக் கொண்டுவரச் சொன்னார். கிரீஸ் தடவி, சாக்கில் சுற்றி, பரண்மேல் ஏற்றினோம். சாக்கின் மேல் ஒரு அட்டையைக் கட்டி, அதில் வண்டி நம்பரையும் கழற்றிய தேதியையும் அவரே எழுதினார். அடுத்த நாள் காலை நண்பரையும் பக்கத்தில் ஏற்றிக்கொண்டார். கேட்டைத் தாண்டியதும் குறுகலான தெரு. நேர் எதிரே சுவர். முன்பெல்லாம் அங்கே எழுந்து நிற்காத குறையாக வீலை இழுப்பார். இப்போது உட்கார்ந்தபடியே திருப்பினார்.

தெருமுனையில் நண்பர் கேட்டார், “எப்படி சார் இருக்கு?”

“கையில ரோடு கொஞ்சம் கம்மியாத்தான் தெரியுது” என்றார் பெரியப்பா. கொஞ்ச தூரம் போன பிறகு சொன்னார், “ஆனா ரோட்டுல இருக்கேன்ல.”