இணையதளத்தில் தேடல் வசதி: தமிழில் தேடினால் கிடைக்க வேண்டுமே!

இன்று பல ஜமாஅத்துகளும் மதரஸாக்களும் கல்வி அறக்கட்டளைகளும் தங்களுக்கென்று இணையதளம் வைத்திருக்கின்றன. தொழுகை நேரம், ஜும்ஆ பயான், மார்க்கக் கேள்வி பதில், கல்வி உதவித்தொகை அறிவிப்பு, ஜனாஸா செய்தி என்று சில ஆண்டுகளிலேயே நூற்றுக்கணக்கான பக்கங்கள் சேர்ந்துவிடுகின்றன. சேர்த்தவருக்கு எது எங்கே இருக்கிறது என்று தெரியும். வருகிறவருக்குத் தெரியாது. அவருக்காக வைப்பதுதான் தேடல் பெட்டி.

கணவனை இழந்த பெண் ஒருவர் இத்தா பற்றித் தேடுகிறார் என்று வைத்துக்கொள்வோம். நேரில் போய்க் கேட்க அவருக்குக் கூச்சம். தளத்தில் 'இத்தா' என்று பதில் இருக்கிறது; அவர் தேடியது 'இத்தத்'. 'எதுவும் கிடைக்கவில்லை' என்று வருகிறது. பதிலே இல்லை என்று எண்ணி, யார் பேசுகிறார் என்றே தெரியாத ஒரு காணொளியைத் திறக்கிறார். ஒரு சொல்லின் எழுத்துக்கூட்டல் வேறாக இருந்ததற்கு இவ்வளவு விலை.

தேடல் எப்படி வேலை செய்கிறது?

மதரஸாவில் ஓதியவர்களுக்கு இதை விளக்குவது எளிது. ஒரு ஆயத்தின் ஒரு சொல் மட்டும் நினைவிருந்தால், முஹம்மது ஃபுஆது அப்துல் பாகி தொகுத்த 'அல்முஃஜமுல் முஃபஹ்ரஸ்' நூலை எடுப்போம். அந்தச் சொல் எந்தெந்த சூராவில், எத்தனையாவது ஆயத்தில் வருகிறது என்று அதில் இருக்கும். ஹதீஸ்களுக்கு இதே முறையில் தொகுத்த சொல்லடைவு 1936 முதல் ஹாலந்தின் லெய்டன் நகரிலிருந்து பல பாகங்களாக வெளிவந்தது. கணினியும் இதைத்தான் செய்கிறது. தளத்திலுள்ள சொற்களையெல்லாம் எடுத்து, ஒவ்வொரு சொல்லும் எந்தெந்தப் பக்கத்தில் இருக்கிறது என்று முன்கூட்டியே ஓர் அடைவு தயாரித்து வைக்கிறது. நாம் தேடும்போது பார்ப்பது அந்த அடைவைத்தான்.

அரபு அகராதியில் தேட, சொல்லின் மூல எழுத்துகள் தெரிய வேண்டும். குர்ஆனை இணையத்தில் தந்த தன்ஸீல் திட்டமும், ஹரகத்துகள் இல்லாத எளிய வடிவத்தைத் தேடலுக்கென்றே தனியாக வைத்திருக்கிறது. ஆக, படிப்பதற்குரிய வடிவம் ஒன்று, தேடுவதற்குரிய வடிவம் இன்னொன்று. தமிழுக்கும் இது பொருந்தும்.

வசதியைச் சேர்க்கும் வழிகள்

பிளாக்கர் தளமாக இருந்தால் அதிலேயே தேடல் பெட்டி தயாராக இருக்கிறது. அமைப்புப் பகுதியில் சேர்த்தால் போதும். வேர்ட்பிரஸிலும் உள்ளது. அது கட்டுரைகளின் தலைப்பிலும் உள்ளடக்கத்திலும் தேடும். பிடிஎஃப் கோப்புகளுக்குள் போய்ப் பார்க்காது. கூகுள் தரும் தனித்தேடல் பெட்டியையும் பதிக்கலாம். 2006-ல் அறிமுகமான வசதி அது. ஆனால் கட்டணமில்லா வகையில் முடிவுகளோடு விளம்பரங்களும் வரும். மார்க்கத் தளத்தில் வட்டிக்கடன் விளம்பரம் வந்து நிற்கலாம் என்பதை நிர்வாகிகள் முன்பே யோசித்துக்கொள்ள வேண்டும்.

பெட்டியை வைப்பது ஒரு மணி நேர வேலை. தமிழில் அது பலன் தர வேண்டுமானால் நான்கு தடைகளைக் கடக்க வேண்டும்.

ஒன்று: பழைய எழுத்துரு

நம் பள்ளிவாசல் மலர்கள், நோட்டீஸ்கள், மதரஸா பாடநூல்கள் பலவும் பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில் அச்சுக்கோர்க்கப்பட்டவை. கண்ணுக்குத் தமிழாகத் தெரிந்தாலும் உள்ளே இருப்பவை ஆங்கில எழுத்துக் குறியீடுகள். யூனிகோடில் தேடினால் அகப்படாது. தமிழ்நாடு அரசு 2010-ல் யூனிகோடை ஏற்றுக்கொண்டது. பழைய கோப்புகளை யூனிகோடுக்கு மாற்றித் தரும் மாற்றிகள் கட்டணமின்றிக் கிடைக்கின்றன. ஸ்கேன் செய்த பக்கங்கள் வெறும் படங்கள். எழுத்துணரி மென்பொருளில் கொடுத்து, பிழை திருத்திய பிறகே தேட முடியும். தமிழ் விக்கிமூலத்தில் நாட்டுடைமை நூல்கள் பலவற்றைத் தன்னார்வலர்கள் இப்படித்தான் எழுத்தாக்கினர்.

இரண்டு: ஒன்றுபோல் தெரியும் இரண்டு

'மௌலவி' என்பதில் இருப்பது ஔகாரக் குறி. 'மெளலவி' என்பதில் இருப்பது எகரக் கொம்பும் தனி 'ள' எழுத்தும். பார்வைக்கு ஒன்று, கணினிக்கு இரண்டு வேறு சொற்கள். மௌத், மௌலிது, ஔலியா எல்லாவற்றிலும் இது நடக்கிறது. 'ஒ'கரக் குறியையும் ஒரே குறியீடாகவோ இரண்டு துண்டாகவோ தட்டச்சு செய்ய முடியும். துண்டுகளை ஒன்றாக்க யூனிகோடு சீராக்கம் என்ற முறை இருக்கிறது. தளம் செய்து தருபவரிடம் இதைப் பெயர் சொல்லிக் கேளுங்கள். 'மெள' விஷயம் அந்தச் சீராக்கத்தில் சரியாகாது. தனியே திருத்த வேண்டும்.

மூன்று: ஒரு சொல், பல எழுத்துக்கூட்டல்

ரமலான், ரமழான், ரமதான், ரம்ஜான். ஜகாத், ஸகாத், ஜக்காத். வக்பு, வக்ஃபு, வக்ஃப். உளூ, வுளூ, ஒளூ. துஆ, துவா. எழுத்தைப் பார்த்தே எழுதியவர் எங்கே ஓதியவர் என்று சொல்லிவிடலாம்! தர்மபுரி மாவட்டத்தில் இன்னொரு கூறும் உண்டு. இங்கே தக்கனி உருது பேசும் குடும்பங்களும் தமிழ் பேசும் குடும்பங்களும் ஒரே ஜமாஅத்தில் இருக்கின்றன. ஒருவர் 'நமாஸ்' என்பார். மற்றவர் 'தொழுகை' என்பார். பிள்ளைகள் இரண்டையும் ஆங்கில எழுத்தில் தட்டச்சு செய்வார்கள்.

எது சரியான எழுத்துக்கூட்டல் என்ற விவாதத்தைத் தேடல் பெட்டியில் நடத்த வேண்டியதில்லை. எல்லா வடிவங்களையும் ஒரே வரிசையில் எழுதி, எதைத் தேடினாலும் மற்றவையும் வரும்படி இணைச்சொல் பட்டியல் ஒன்று செய்தால் போதும். ஓர் உஸ்தாதும் கல்லூரி மாணவர் ஒருவரும் சேர்ந்து உட்கார்ந்தால் நூறு சொற்களில் பெரும்பாலான தேவை தீர்ந்துவிடும்.

நான்கு: வேற்றுமை உருபு

'பள்ளிவாசல்' என்று தேடுபவருக்குப் 'பள்ளிவாசலுக்கு', 'பள்ளிவாசலில்' உள்ள பக்கங்களும் வேண்டும். கடைசிப் புள்ளியை நீக்கி, சொல்லின் தொடக்கத்தை மட்டும் ஒப்பிட்டால் இவை கிடைத்துவிடும். 'சட்டம்' என்பது 'சட்டத்தில்' என்று மாறும்போது அது போதாது. அதற்குச் சொல்லின் அடியைப் பிரித்தெடுக்கும் நிரல் வேண்டும். ஸ்னோபால் என்ற திறமூலத் தொகுப்பில் தமிழுக்கும் அது இருக்கிறது.

வாக்காளர் பட்டியல் கற்றுத் தந்தது

இவையெல்லாம் ஏட்டுப் பிரச்சினைகள் அல்ல. 2025 நவம்பர் 4 அன்று தமிழ்நாட்டில் வாக்காளர் பட்டியல் சிறப்புத் தீவிரத் திருத்தம் தொடங்கியது. வாக்காளர்கள் தங்கள் பெயரையோ பெற்றோரின் பெயரையோ 2002-ஆம் ஆண்டுப் பட்டியலில், சில தொகுதிகளுக்கு 2005 பட்டியலில், தேட வேண்டியிருந்தது.

நம் பகுதியில் ஊர்ப் பெயர் தெரிந்தால் மட்டும் போதாது. கிருஷ்ணகிரி தனி மாவட்டமானது 2004 பிப்ரவரியில்தான். அதற்கு முன் ஓசூரும் தர்மபுரி மாவட்டமே. பழைய மொரப்பூர் தொகுதி 2008 மறுசீரமைப்பில் மறைந்தது. பாப்பிரெட்டிப்பட்டி தொகுதி 2011 தேர்தலில் நடைமுறைக்கு வந்தது. இன்றைய தொகுதியின் பெயரில் பழைய பட்டியலைத் தேடினால் எப்படிக் கிடைக்கும்? பெயரோ இன்னும் சிக்கல். அப்துல் ரகுமான், அப்துர் ரஹ்மான், அப்துல் ரஹீமான். ஷேக், ஷெய்க், சேக். பாத்திமா, ஃபாத்திமா, பாத்திமா பீ. ஒரே மனிதர் ஆதாரில் ஒன்றாகவும் பட்டியலில் வேறாகவும் இருப்பார்.

இதற்குத் தீர்வு பழையது. அமெரிக்காவில் 1918-லேயே, ஒலியால் ஒத்த பெயர்களை ஒரே குறியீட்டில் சேர்க்கும் 'சவுண்டெக்ஸ்' முறைக்குக் காப்புரிமை பெறப்பட்டது. பிறகு அங்கே மக்கள்தொகைக் கணக்கெடுப்புப் பதிவுகளில் பெயர் தேட அதைப் பயன்படுத்தினர். நாம் செய்யக்கூடியதும் உண்டு: ஒவ்வொரு குடும்பமும் வாக்காளர் அட்டை எண், பழைய தொகுதி, பாகம் எண் ஆகியவற்றை ஒரு குறிப்பேட்டில் எழுதி வைப்பது. பெயர் மாறினாலும் எண் மாறாதவரை தேடல் தவறாது.

தேடலில் வரக்கூடாதவை

எல்லாமே கிடைக்க வேண்டும் என்பதும் சரியல்ல. ஜகாத் பெற்றவர்களின் பட்டியல், எதீம் பிள்ளைகளின் விவரம், திருமணத் தகவல் மையத்துப் புகைப்படங்களும் கைப்பேசி எண்களும், தலாக், குலா தொடர்பான மனுக்கள் ஆகியவை தேடலில் அகப்படும் இடத்தில் இருக்கவே கூடாது. பெட்டியில் தெரியாமல் செய்தால் மட்டும் போதாது; கூகுள் எடுத்துவிடும். அந்தக் கோப்புகளைப் பொதுத் தளத்திலிருந்தே அகற்றி வைக்க வேண்டும். அடுத்தவரின் மானத்தைக் காப்பது நமக்குக் கடமை. 2023-ல் இயற்றப்பட்ட டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் அதையே சட்டக் கடமையாகவும் ஆக்கியிருக்கிறது. யார் எதைத் தேடினார் என்பதையும் ஆளோடு சேர்த்துப் பதியக்கூடாது. கடன், நோய், குடும்பப் பிணக்கு என்று மனிதர் யாரிடமும் சொல்லாததைத்தான் தேடல் பெட்டியில் எழுதுகிறார்.

ஆளை விட்டுவிட்டு, பதில் கிடைக்காத சொற்களை மட்டும் சேமிக்கலாம். மாதம் ஒருமுறை அதைப் பாருங்கள். சில சொற்களுக்கு இணைச்சொல் பட்டியலில் ஒரு வரி சேர்த்தால் போதும். சிலவற்றுக்கு உண்மையிலேயே பதில் இருக்காது. அவற்றை ஊர் ஆலிமிடம் கொடுத்து எழுதி வாங்குங்கள். மக்கள் எதைக் கேட்கத் தயங்குகிறார்கள் என்று அந்தப் பட்டியல் சொல்லும்.

திறப்பதற்கு முன் ஒரு சிறிய சோதனை செய்யுங்கள். வீட்டிலுள்ள ஒரு முதியவர், ஒரு தாய், ஒரு பள்ளிப் பிள்ளை மூவரையும் கைப்பேசியில் தலா ஐந்து சொற்களைத் தேடச் சொல்லுங்கள். எப்படி எழுத வேண்டும் என்று சொல்லிக் கொடுக்காதீர்கள். மூவருக்கும் பதில் கிடைத்தால் உங்கள் தளம் தயார்.