லயத்து அடுப்பில் ஒரு வரலாறு



ஈப்போவை அடுத்த லகாட் வட்டாரத்தில் வாழும் ஒரு பாட்டியிடம், "மீன் குழம்புக்கு எவ்வளவு புளி?" என்று கேட்டுப் பாருங்கள். "கை அளவுதான் ஐயா" என்பார். நாம் சிரித்துவிட்டுப் போய்விடுகிறோம். ஆனால் அந்தக் கை அளவுக்குள் நூறாண்டு வரலாறு இருக்கிறது.

கிந்தா பள்ளத்தாக்கில் ஈயச் சுரங்கமும் ரப்பர் தோட்டமும் அருகருகே வளர்ந்தன. ஒப்பந்தக் கூலி முறை 1910-இல் நிறுத்தப்பட்டது. அதன் பிறகு கங்காணிகள் வழியே நம்மவர்கள் குடும்பம் குடும்பமாக வந்தார்கள். குடும்பம் வந்ததால்தான் அம்மியும் வந்தது, அடுப்பும் வந்தது.

அந்த அடுப்பை மூட்டியவள் யார்? விடியுமுன் பெரட்டுக்குப் போக வேண்டிய பெண். 1920-களின் இறுதியில், போக்குவரத்து வசதியுள்ள பகுதிகளுக்கு நிர்ணயிக்கப்பட்ட நாள் கூலி ஆணுக்கு 50 காசு, பெண்ணுக்கு 40 காசு. கூலியில் குறைவு, ஆனால் வேலைக்கு மேல் சமையல் வேறு! தேங்காய்ப்பால் குழம்பு சீக்கிரம் கெட்டுவிடும். புளியும் உப்பும் தூக்கலாக வைத்த கருவாட்டுக் குழம்போ மறுநாளும் தாங்கும். இரவில் வைத்ததை விடியலில் பழைய சோற்றோடு சாப்பிட்டுவிட்டுப் பால் வெட்டப் போகலாம். வேலை நேரமே ருசியைத் தீர்மானித்தது.

1938-இல் இந்திய அரசு, உதவி பெற்று மலாயாவுக்குத் தொழிலாளர் வருவதைத் தடை செய்தது. மூன்றாண்டுகளில் ஜப்பானியர் வந்தனர். பர்மாவிலிருந்தும் சயாமிலிருந்தும் வந்த அரிசி குறைந்தது, மரவள்ளிக்கிழங்கே சோறானது. அதைப் புட்டாகவும் அடையாகவும் மாற்றிப் பிள்ளைகளைக் காப்பாற்றியவை நம் பெண்களின் கைகள். இன்று நாம் மாலைப் பலகாரமாகச் சாப்பிடும் மரவள்ளிக்கிழங்கு, அன்று பட்டினிக்கு மருந்து.

அண்டை வீட்டாரிடமிருந்தும் கற்றோம். மலாய்க்காரரின் பிளாச்சானும் பாண்டான் இலையும் சீனரின் கிச்சாப்பும் நம் சட்டிக்குள் வந்தன. கோழி வறுவலில் கிச்சாப் ஊற்றுவதைத் தமிழ்நாட்டு உறவினர் பார்த்தால் வியப்பார்கள். அது கலப்படமல்ல, நாம் இந்த மண்ணில் வேரூன்றியதற்கான சான்று.

இந்தச் சான்று இப்போது எங்கே? தோட்டங்கள் துண்டாடப்பட்டன, பல இடங்களில் வீடமைப்புப் பகுதிகள் எழுந்துவிட்டன. பிள்ளைகள் ஈப்போவுக்கும் கோலாலம்பூருக்கும் போய்விட்டார்கள். கூலிப் பதிவேடுகளில் நம் முன்னோரின் பெயரும் சம்பளமும் இருக்கலாம். அவர்கள் என்ன சாப்பிட்டார்கள், எதைக் கொண்டு பசியைத் தாண்டினார்கள் என்பதைப் பாட்டிமார்தான் சொல்ல வேண்டும். அவர்களோடு அது போய்விட்டால், திரும்பக் கேட்க யாருமில்லை.

ஆகவே ஒரு வேண்டுகோள். அடுத்த முறை பாட்டி மசாலா அரைக்கும்போது ஒரு தராசை எடுத்துச் செல்லுங்கள். அவர் கையில் அள்ளியதைச் சட்டியில் போடுமுன் நிறுத்து எழுதுங்கள். "இதை யாரிடம் கற்றீர்கள்?" என்றும் கேட்டு எழுதுங்கள். மகளை மட்டும் அனுப்பாதீர்கள். மகனையும் அடுப்படியில் நிறுத்துங்கள். அடுப்பைப் பெண்ணுக்கு மட்டும் உரியதாக்கியதால்தான், நம் வரலாற்றில் பாதியை எழுதாமலே விட்டோம்.

பாட்டியின் கை அளவு நம் பிள்ளைகளின் ஏட்டிலும் ஏறட்டும்.