காலால் பிடித்த மரம்

மரவேலை என்றதும் நமக்கு ஒரு படம் மனதில் வரும். பெரிய கூடம், நடுவில் கனமான மேசை, சுவர் முழுக்கக் கருவிகள். யூடியூபிலும் அதையேதான் காட்டுகிறார்கள். வாடகை வீட்டில் இதுக்கெல்லாம் எங்கே இடம் என்று ஆசையை அங்கேயே விட்டுவிடுகிறோம். ஆனால் மிக நுட்பமான மரச்சாமான்கள் சில, வீடும் பட்டறையும் ஒன்றாக இருந்த இடங்களிலிருந்து வந்தவை.

டோக்கியோவின் பழைய பெயர் எடோ. 18ஆம் நூற்றாண்டில் அங்கே பத்து லட்சம் பேருக்கு மேல் இருந்தார்கள். நிலத்தின் பெரும்பகுதி சாமுராய்களிடமும் கோயில்களிடமும் இருந்தது. மிச்சத்தில் சாதாரண ஜனம் நெருக்கியடித்து வாழ்ந்தது. அவர்களுடைய வீட்டுக்கு ‘நகாயா’ என்று பெயர். ஒரே கூரைக்குக் கீழே வரிசையாகத் தடுத்த அறைகள், நம்மூர் லைன் வீடு மாதிரி. வழக்கமான அறை ஒன்று 2.7 மீட்டர் அகலம், 3.6 மீட்டர் ஆழம். வாசலையொட்டி மண்தரை, அதில் அடுப்பு. உள்ளே நாலரைப் பாய்க்கான இடம். கிணறும் கழிப்பறையும் பொது.

ஜப்பானில் கைவினைஞர்களை இரண்டாகப் பிரித்துச் சொல்வார்கள்: வெளியே போய் வேலை செய்பவர்கள், வீட்டிலேயே உட்கார்ந்து செய்பவர்கள். வீடு கட்டும் தச்சர் முதல் வகை. பெட்டி, இழுப்பறை, கண்ணாடி ஸ்டாண்ட் செய்யும் ‘சஷிமோனோ’ கைவினைஞர் இரண்டாம் வகை. ஒரு பலகையின் நுனியை நாக்குபோலச் செதுக்கி, இன்னொன்றில் குழி வெட்டி, இணைப்பு வெளியே தெரியாமல் பொருத்துவது அவருடைய வித்தை. வேண்டிய இடத்தில் சோற்றை மசித்த பசை. வியாபாரிகளும் கபுகி நடிகர்களும் இவற்றை விரும்பி வாங்கினார்கள்.

சரி, மேசையில்லாமல் எப்படி? தரையில் ஒரு தடித்த பலகை. அதன் முன் உட்கார்ந்து, மரத்தைக் காலால் அழுத்திப் பிடிப்பார். நம்மூர் ஆசாரிகள் தரையில் உட்கார்ந்து செய்வதைப் பார்த்தவர்களுக்கு இது புதுசில்லை. இவருடைய ரம்பம் இழுக்கும்போது அறுக்கும், இழைப்புளியும் இழுக்கும்போதுதான் சீவும். தள்ளி அறுக்கும் ரம்பத்தின் தகடு மெல்லியதாக இருந்தால் வளைந்துவிடும். இழுத்தால் அது விறைத்து நிற்கும், அதனால் தகடு மெல்லியதாகவே இருக்கலாம். வெட்டும் மெல்லிசு, செலவாகும் பலமும் குறைவு.

அதே காலத்து ஐரோப்பாவில் தள்ளுவதுதான் வழக்கம். தள்ளினால் மரம் நகரும், அதைத் தடுக்க நகராத மேசை வேண்டும். பாரிஸில் ரூபோ என்ற தச்சர் 1769 முதல் வெளியிட்ட பெரிய நூலில் வரைந்து காட்டிய மேசை அப்படிப்பட்ட கனம்தான். அந்த மேசையை நகாயாவுக்குள் வைத்தால், மனுஷன் வெளியேதான் படுக்கணும்.

இன்னொன்று, எடோ அடிக்கடி எரிந்த ஊர். 1657 தீயில் நகரத்தின் பாதிக்கு மேல் போய்விட்டது. சக்கரம் வைத்த பெரிய பெட்டிகளைத் தள்ளிக்கொண்டு ஓடியவர்களால் தெருக்கள் அடைபட்டன. அப்படிப்பட்ட ஊரில், தோளில் தூக்கிக்கொண்டு ஓடக்கூடிய கருவிப்பெட்டி என்றால் நாளைக்கும் பிழைப்பு உண்டு என்று அர்த்தம்.

இன்று இதை ‘மினிமலிசம்’ என்று அழகுபார்க்கிறார்கள். அந்த மனிதர் அதைத் தேர்ந்தெடுக்கவில்லை. பகலெல்லாம் மரத்தூள் பறந்த அறையில்தான் ராத்திரி பிள்ளைகள் படுத்தார்கள். அவர் செய்த அலமாரியை வைக்க அவர் வீட்டிலேயே இடம் இருந்திருக்காது. அந்த நெருக்கடியை நாம் கொண்டாட வேண்டியதில்லை. ஆனால் இடம் இல்லை என்று தள்ளிப்போடுகிறவர்கள், எந்தக் கருவி எவ்வளவு இடம் கேட்கிறது என்று ஒருமுறை யோசிச்சுப் பார்க்கலாம். ஒரு பலகை, ஒரு இழுப்பு ரம்பம், இரண்டு உளி. மீதியைக் கால் பார்த்துக்கொள்ளும்.